உங்களுக்குத் தெரியுமா? கழுத்து சிறுத்த தோட்டாக்கள்

● துப்பாக்கித் தோட்டாக்கள் பலவற்றுக்குத் தோளும் உண்டு, கழுத்தும் உண்டு. கல்யாண வாசலில் வைக்கும் பன்னீர்ச் செம்பு போல அடி பருத்து, மேலே சிறுத்திருக்கும். வெடிமருந்து நிறையக் கொள்ள அகன்ற உடம்பு. சிறு குண்டை வேகமாக விரட்டக் குறுகிய கழுத்து. கடையில் கிடைக்கும் ஒரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தை மட்டும் இறுக்கிப் புதுத் தோட்டா ஆக்குவது அமெரிக்காவில் பலருக்கு ஒரு பைத்தியம். கம்பெனி எதுவும் விற்காத இந்த ரகத்துக்கு அங்கே ‘வைல்ட்கேட்’ என்று பெயர்.

● கம்பெனிகளும் பிறகு இவற்றைத் தத்தெடுப்பது உண்டு. .30-06 என்ற தோட்டாவின் கூட்டுக் கழுத்தை .25 அங்குல அளவுக்குச் சுருக்கிய .25-06 தோட்டா, 1920 வாக்கில் தனிக் கைவேலையாகப் பிறந்தது. ரெமிங்டன் நிறுவனம் அதைக் கடைச்சரக்காக ஏற்றது 1969-இல்தான். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அது வீட்டுத் தயாரிப்பு!

● அமெரிக்காவில் இது வேட்டைக்காரர் ஆசை. இந்தியாவிலோ கூட்டின் கழுத்தை மாற்ற வைத்தது சர்க்கார் சட்டம். கதை 1857-இல் தொடங்குகிறது. சிப்பாய்கள் கொதித்தெழக் காரணமான கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டா, .577 அளவு என்ஃபீல்டு துப்பாக்கிக்கானது. 1860-களில் அதே துப்பாக்கிகளைப் பின்பக்கம் திறக்கும்படி மாற்றி ‘ஸ்னைடர்’ ஆக்கினார்கள். 1871-இல் ஸ்னைடர் கூட்டை நீட்டி, கழுத்தை .450-க்கு இறுக்கி ‘மார்ட்டினி ஹென்றி’ ராணுவத் தோட்டா பிறந்தது. பெயரே .577/450. தாய் அளவு, பிள்ளை அளவு இரண்டும் அதிலேயே இருக்கின்றன.

● அந்த மார்ட்டினி துப்பாக்கிகள் பல எல்லைப்புறக் கலகக்காரர் கைக்குப் போய்விட்டன. .450 அளவுக் குண்டுகள் கிடைத்தால் அவற்றுக்குத் தீனி ஆகுமே என்று பயந்த ஆங்கில அரசு, 1907 வாக்கில் இந்தியாவிலும் சூடானிலும் .450 குழல் அளவுக்குத் தடை போட்டது. யானை, காட்டெருமை வேட்டைக்கு ரிக்பி கம்பெனி 1898-இல் கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவும் இதில் மாட்டிக்கொண்டது. அது மார்ட்டினியில் நுழையவே நுழையாது. ஆனாலும் குண்டைப் பிடுங்கி வேறு கூட்டில் போடலாமே என்பது அதிகாரிகள் வாதம். லண்டன் துப்பாக்கிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? .500 கூட்டை எடுத்துக் கழுத்தை .450-க்குச் சற்று மேலே நிறுத்தினார்கள். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தந்தது .500/465. ஜோசப் லாங் தந்தது .470. சட்டத்துக்கும் பங்கமில்லை, வியாபாரத்துக்கும் நஷ்டமில்லை. இன்று ஆப்பிரிக்காவில் யானைத் துப்பாக்கி என்றால் முதலில் சொல்லப்படுபவற்றுள் .470-ம் ஒன்று. பிள்ளையார் சுழி போட்டது இந்தியத் தடை!

● இப்படி ஆயுதத்துக்குத் தடை போடுவது நம் சிவகங்கைச் சீமைக்குப் புதிதல்ல. மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 24 அக்டோபர் 1801. அந்த டிசம்பரிலேயே, பாளையக்காரர்கள் கோட்டைகளை இடித்து ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஆணை பிறப்பித்தார். நாடு முழுமைக்குமான ஆயுதச் சட்டம் வந்தது 1878-இல்.

● புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் கையில் இருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியின் அளவு .450/400. அதுவும் கழுத்து இறுக்கிய கூடுதான்.

● நம் ஊர் லைசென்ஸ்தாரர்களுக்குப் பழக்கமான .315 எங்கிருந்து வந்தது? ஆஸ்திரியாவிலிருந்து! ராணுவத்தின் .303 பொதுமக்களுக்கு விலக்கப்பட்டதால், ஆஸ்திரியப் படையின் 8 மி.மீ. மான்லிகர் தோட்டாவை .315 என்று பெயர் மாற்றி இங்கே விற்றார்கள். மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலை அந்த அளவில் துப்பாக்கி செய்தது.

● இதற்கு நேர் எதிரான வேலையும் நடந்தது. போலீசுக்கும் சிறைக் காவலருக்கும் கொடுப்பதற்காக .303 ராணுவத் துப்பாக்கியின் குழலை வழவழப்பாகக் கடைந்து .410 மஸ்கட் ஆக்கினார்கள். அதன் தோட்டா, கழுத்தே இறுக்காமல் நேராக விட்ட .303 கூடு. ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான். பலவற்றில் மேகசினுக்குள் மரக்கட்டையே வைத்து அடைத்தார்கள். ஆளும் அரசுக்குத் தன் காவலர் மீதே எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்!

● ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலும் ராணுவத் தோட்டாவுக்குக் கட்டுப்பாடு இருந்தது. அங்கே .303 கூட்டையே .25 அளவுக்குச் சுருக்கி ‘.303/25’ என்று சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

● கழுத்தை இறுக்கினால் பித்தளை விறைத்துவிடும். பக்குவமாகச் சூடு காட்டாவிட்டால் வெடிப்பு விடும். தோட்டாக்கூட்டில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. ஆங்கிலேயர் காலத்தில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்கள், குண்டைப் பிடித்திருக்கும் கழுத்துப் பகுதியில் தாமாகவே கீறல் விட்டன. குதிரை மூத்திரத்தின் அமோனியாவும், மழை ஈரமும், பித்தளைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினர். இப்படி உலோகம் அரிக்கப்படுவதை ஆராய்வதில் பெயர் பெற்ற நிலையம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கரில், 25 ஜூலை 1948 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது.

● இங்கே கழுத்து இறுக்கி விளையாட முடியுமா? முடியாது. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு காட்டு விலங்கு வேட்டையும் படிப்படியாகப் போயிற்று. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. தோட்டா மட்டும் கையில் இருந்தாலும் உரிமம் வேண்டும். ஆகவே பெட்டகத்தைக் குடையும்போது ஐயா காலத்துத் தோட்டா ஏதாவது அகப்பட்டால், பித்தளைதானே என்று பழைய சாமான் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சூடு காட்டவோ தட்டிப் பார்க்கவோ வேண்டாம். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.