கைத்தடி மூட்டின் வலு எங்கே இருக்கிறது?

ஈட்டி மரத்தில் பிடி, தேக்கில் தண்டு என்று இணைத்துச் செய்த கைத்தடி பார்க்க அழகு. நீளமான, பிளவற்ற ஒரே மரத்தைத் தேடி அலையவும் வேண்டாம். ஆனால் ஒரு முதியவர் தன் உடம்பை நம்பிச் சாய்க்கும் பொருள் அது. மூட்டு விட்டால் உடைவது தடி மட்டுமல்ல, இடுப்பெலும்பும்தான். எனவே, எந்த மூட்டு தாங்கும், எது தாங்காது என்பதைத் தெரிந்துகொண்டே வேலையில் இறங்க வேண்டும்.

மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிக் கட்டிய நுண்குழல்களின் கற்றை. குறுக்கே வெட்டிய முனையில் அந்தக் குழல்களின் வாய்கள் திறந்திருக்கும். தடவிய பசையை அவை உறிஞ்சிவிடும். அதனால் முனையோடு முனை வைத்து ஒட்டிய மூட்டு எளிதில் விட்டுப்போகும். பக்கவாட்டில் நாரோடு நார் சேர ஒட்டினாலோ, பல நேரம் பசைக்கு முன் மரமே பிளக்கும். இதற்காகத்தான் முனைகளைச் சாய்வாகச் சீவி ஒட்டுகிறார்கள். ஆனால் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற நல்ல சாய்வுக்கு, 25 மி.மீ. தடியில் வெட்டு மட்டுமே 30 செ.மீ. நீளும்.

அடுத்த வழி, இரு முனைகளிலும் துளையிட்டு நடுவே முளை செருகுவது. தடி வளையும்போது விசை அதிகம் விழுவது வெளிவிளிம்பில். மையத்தில் அநேகமாக ஒன்றுமில்லை. 25 மி.மீ. தடியின் நடுவில் 10 மி.மீ. துளை போட்டால் அதன் விறைப்பில் 3 சதவீதம்கூடக் குறையாது. இதே கணக்கின் மறுபக்கம்தான் ஆபத்து: அந்தத் துளையில் செருகிய மரமுளையின் வளைவு வலு, முழுத் தடியின் வலுவில் 16-இல் ஒரு பங்கே. முனைப்பசை விட்டுப்போனால் பாரம் முழுக்க அந்த முளையின் தலையில்தான்.

மரமுளைக்குப் பதில் மரை போட்ட எஃகுக் கம்பி வைப்பது இதனால்தான். எஃகு மரத்தைவிட 15 மடங்குக்கு மேல் விறைப்பானது. பாரம் மீறினாலும் சட்டென்று முறியாமல் வளையும். கம்பியை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து எபாக்ஸியில் பதிக்க வேண்டும். வெள்ளைப் பசை தன் நீரை மரத்துக்கு விட்டுக் காய்வது; இரும்பில் சரியாகப் பிடிக்காது. எபாக்ஸி வேதிவினையால் இறுகி, மரைப் பள்ளங்களிலும் நிரம்பிக்கொள்ளும். கம்பியைச் செருகும்போது துளைக்குள் அடைபடும் காற்று பசையை வெளியே தள்ளும். கம்பியின் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு கோடு அராவிவிட்டால் காற்று அதன் வழியே போய்விடும்.

ஆழத்தில் கஞ்சம் கூடாது. கம்பி பதியும் ஆழத்தை இரட்டித்தால் துளையின் சுவரில் விழும் அழுத்தம் ஏறக்குறைய கால்பங்காகும். ஒவ்வொரு பக்கமும் 6 செ.மீ. இருக்கட்டும். அப்படியும் கம்பி நெம்பும்போது மரம் நார்வாக்கில் பிளக்கப் பார்க்கும். அந்தப் பிளவைச் சுற்றிப் பிடித்துத் தடுப்பதே பித்தளைப் பூணின் வேலை. உலக்கை முனைக்குப் பூண் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

எபாக்ஸி இறுக ஒரு முழு நாள் விடுங்கள். பிறகு செய்தவரே தடியில் முழு எடையையும் நேராகவும் சாய்த்தும் ஊன்றிப் பார்க்க வேண்டும். பூணின் ஓரத்தில் மயிரிழைக் கீறல் தெரிந்தாலும் அந்தத் தடியை யாரிடமும் கொடுக்காதீர்கள்.