கீழ்த்தட்டு ஏன் குளிரவில்லை?

ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி இறைச்சியை உறவினர்க்கும் ஏழைகளுக்கும் பங்கிட்டபின், நம் பங்கைக் காத்து வைக்க இன்று பெரும்பாலான இல்லங்களில் குளிர்சாதனப் பெட்டியையே நம்பியிருக்கிறோம். அந்தப் பெட்டி சில வேளை ஒரு விந்தை செய்கிறது. மேலே உறைபனிப் பகுதியில் இறைச்சி இறுகிக் கிடக்க, கீழ்த்தட்டிலோ பால் திரிந்து, குழம்பு புளித்துவிடுகிறது. பழுது பார்க்க வருபவர் சிலர், திறந்து நோக்காமலேயே, "கேஸ் போய்விட்டது, கம்ப்ரஸரையும் மாற்ற வேண்டும்" என்று ஆயிரக்கணக்கில் கணக்குச் சொல்லிவிடுகின்றனர். ஆனால், உண்மைக் காரணம் விரலளவுகூட இல்லாத ஒரு தெர்மல் ஃபியூஸாகவும் இருக்கலாம்.

'ஃப்ராஸ்ட் ஃப்ரீ' எனப்படும் பெட்டிகளில், உறைபனிப் பகுதியின் பின்தகட்டுக்கு அப்பால் குளிரூட்டும் குழாய்ச் சுருள் மறைந்திருக்கிறது. ஒரு சிறு விசிறி அதன் குளிரை மேலும் கீழும் பரப்புகிறது. காற்றிலுள்ள ஈரம் சுருளின்மேல் பனியாகப் படியும். அதைக் கரைப்பதற்கென்றே ஒரு ஹீட்டர் உண்டு. டைமர் உள்ள பெட்டிகள் பலவற்றில் 6 முதல் 12 மணி நேரத்திற்கு ஒருமுறை அது சூடேறும். பனி கரைந்ததும் 'பைமெட்டல்' எனும் தெர்மோஸ்டாட் அதை நிறுத்திவிடும். நிறுத்தத் தவறினால்? அந்த அபாயத்திற்கென வைக்கப்பட்ட காவலே தெர்மல் ஃபியூஸ். பல பெட்டிகளில் வெப்பம் 72 முதல் 77 டிகிரி செல்சியஸை எட்டியதும் அது தன்னை அழித்துக்கொண்டு மின்சாரத்தைத் துண்டிக்கிறது. ஒருமுறை போனால் மீண்டும் உயிர்பெறாது. அதன்பின் ஹீட்டர் இயங்காது; பனி வளர்ந்து சுருளை மூடும்; காற்றுக்கு வழியின்றிக் கீழ்த்தட்டு சூடாகும்.

இதனை வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். பொருட்களை வெளியே எடுத்து, பிளக்கை உருவி, கதவுகளைத் திறந்து ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுங்கள். மீண்டும் இயக்கியபின் சில நாட்கள் நன்கு குளிர்ந்து, பின்னர் பழைய நிலைக்கே திரும்புமானால், பனி கரைக்கும் அமைப்பிலேயே கோளாறு இருக்க வாய்ப்பு மிகுதி. கேஸ் கசிந்த பெட்டி, பனி கரைந்ததனால் மட்டும் குணமடைவதில்லை. பனியைக் கத்தியால் மட்டும் குத்தாதீர்கள். குழாய் துளைபட்டால் உண்மையாகவே கேஸ் போய்விடும்!

மாற்றும் பணி தேர்ந்த மெக்கானிக்கிற்கு உரியது. மின்சாரத்தைத் துண்டித்தபின், அவர் மல்டிமீட்டரால் ஃபியூஸைச் சோதிப்பார். தொடர்பு காட்டாவிடில் அது போய்விட்டது. அதே வெப்ப அளவுள்ள புதிய ஃபியூஸையே பொருத்த வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்தச் சூட்டிலேயே புதியதும் போய்விடக்கூடும். ஆதலால் அழுத்தி இணைக்கும் முனைகளைப் பயன்படுத்தி, ஈரம் புகாதபடி மூடுவதே நலம். பைமெட்டல், ஹீட்டர், டைமர் ஆகியவற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். காரணம் தீராவிட்டால் புதிய ஃபியூஸும் நிலைக்காது.

இனிச் சொல்லப்போவதே மிக முக்கியம். ஃபியூஸ் கிடைக்கவில்லையென்று, இரு வயர்களையும் நேரடியாக முறுக்கிவிட்டுச் செல்வோர் உள்ளனர். பெட்டி குளிரும்; செலவும் மிச்சமாகும். ஆனால், ஹீட்டர் நிற்காமல் எரியும் நாளில் தடுக்க எதுவும் இராது. பிளாஸ்டிக் உருகும், தீயும் பற்றலாம். இன்றைய பெட்டிகள் பலவற்றிலுள்ள 'ஆர் 600ஏ' என்னும் கேஸ் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதையும் மறவாதீர்கள். அந்தப் பெட்டியின் அருகேதான் நம் குழந்தைகள் உறங்குகின்றனர்.

தேவையற்ற செலவும் வீண்விரயமே. உயிரைப் பணயம் வைக்கும் சிக்கனமோ சிக்கனமே அன்று. தொழில் செய்பவருக்கு அவர் வேலை ஓர் அமானிதம். இல்லத்தாருக்கு அவர்தம் குடும்பம் ஓர் அமானிதம். ஆகவே, கழற்றிய பழைய ஃபியூஸையும், பொருத்தப்போகும் புதியதையும் கண்ணால் பார்த்த பின்னரே கூலியைக் கொடுங்கள். அல்லாஹ் நம் இல்லங்களைப் பாதுகாப்பானாக!