கேமரா 'அவுட்'னு முடிவு கட்டாதீங்க! கேபிளை மாத்திப் பாருங்க

சென்னை தி.நகர் ரெங்கநாதன் தெரு, மயிலாப்பூர் மாட வீதி, அடையாறு என்று திரும்பிய பக்கமெல்லாம் கண்காணிப்பு கேமராக்கள்தான். இதில் பலவற்றுக்கு கரண்டுக்கென தனி ஒயர் கிடையாது. நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் போகும். இதன் பெயர் 'பவர் ஓவர் ஈதர்நெட்'.

திடீரென ஒரு கேமரா வேலை செய்யாது. அன்னைக்குப் பார்த்து கல்லாவில் எவனாவது கை வைத்தால் போலீசுக்கு கொடுக்க படமே இருக்காது.

காரணம் என்ன? சுவிட்ச் எடுத்தவுடன் 48 வோல்ட் விடாது. முதலில் சுமார் 10 வோல்ட்டுக்குள் அனுப்பி, மறுமுனையில் 25 கிலோ ஓம் அளவில் மின்தடை இருக்கா என்று பார்க்கும். இருந்தால்தான் முழு கரண்ட்.

பிளக் சரியாக அடிக்காவிட்டாலோ, கடல் காற்றில் பின் அரித்தாலோ இந்த அடையாளம் கிடைக்காது. கேபிள் 100 மீட்டரை தாண்டக்கூடாது. செம்பு பூசிய அலுமினிய ஒயரும் தொல்லைதான்.

கேமராவை கழற்றி, சுவிட்ச் பக்கத்திலேயே சின்ன கேபிளில் மாட்டுங்க. எரிந்தால் பழைய கேபிளில்தான் கோளாறு. எரியாவிட்டால் வேறு போர்ட்டில் மாட்டுங்க. அங்கேயும் எரியாமல், அதே இடத்தில் வேறு கேமரா எரிந்தால் கோளாறு கேமராவில்தான்.

உஷார்! 12 வோல்ட் அடாப்டரில் மட்டும் ஓடும் கேமராவை சுவிட்ச் கண்டுக்காது. அதற்காக, சோதிக்காமல் 48 வோல்ட் விடும் மலிவு இன்ஜெக்டரை மாட்டினால் கேமரா புகைந்து விடும்.

ரிச்சி தெருவுக்கு ஓடி புது கேமரா வாங்கும் முன் இதை செய்து பார்த்தால், பிளக் காசோடு வேலை முடியலாம்.