பழைய பெயரில் புதிய வியாபாரம்: உள்ளூர் சோடா, கலர் கம்பெனிகள் வளர்ந்த விதம்

கடம்பூர் போளிக்குப் பெரிய விளம்பரம் எதுவும் தேவைப்படவில்லை. மதுரை–திருநெல்வேலி ரயில் பாதையில் போய் வந்தவர்களின் வாய்மொழியாலேயே அந்தப் பெயர் பரவியது. பக்கத்தில் கோவில்பட்டி கடலை மிட்டாயும் அப்படி வளர்ந்ததுதான். 2020-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊர்ப் பெயரும் பழமையும் சரக்கை விற்றுக் கொடுக்கும் என்பது நம் பகுதி வணிகர்களுக்குப் புதிய பாடம் அல்ல.

இப்போது அதே வழியில் சோடாவும் கலரும் வருகின்றன. கோலி சோடா, பன்னீர் சோடா, இஞ்சி சோடா என்று பழைய பெயர்களைப் போட்டு, லேபிளில் அந்தக் காலத்துப் படங்களை அச்சடித்து, புதுப்புது கம்பெனிகளின் லைன் வண்டிகள் கடை வாசலில் வந்து நிற்கின்றன. வாங்கிப் போடலாமா, வேண்டாமா என்று வணிக நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். இந்தத் தொழில் எப்படி வளர்ந்தது, எங்கே சறுக்கியது, இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் அவரவரே முடிவு செய்துகொள்ளலாம்.

பழமையைச் சொல்லி பானம் விற்பது மேல்நாட்டில் பீர் ஆலைகள் நன்றாகப் பழகிய வித்தை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரின் ஆங்கர் என்ற ஆலை 1896-இல் தொடங்கியது. மூடப்போகிற நிலையில் இருந்த அதை 1965-இல் ஃபிரிட்ஸ் மேடாக் என்பவர் கைக்கொண்டு, பழைய முறை, பழைய பெயர் என்று சொல்லியே தூக்கி நிறுத்தினார். அதைப் பார்த்துப் பின்னாளில் எத்தனையோ சிறு ஆலைகள் கிளம்பின. 2017-இல் ஜப்பானின் சப்போரோ கம்பெனி ஆங்கரை வாங்கியது. 2023-இல் நஷ்டக் கணக்கைக் காட்டி மூடிவிட்டது. மறு ஆண்டு வேறொருவர் வாங்கியிருக்கிறார். நூறு ஆண்டுப் பெயர் இருந்தும் கடைக்குக் கடை சரக்கு ஓடாவிட்டால் ஆலை நிற்காது என்பதற்காகவே இதைச் சொன்னேன். பீர் நம் வியாபாரம் அல்ல. தமிழ்நாட்டில் 2003 முதல் அதன் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது.

ஆனால் சோடாவே பீர் ஆலையில் பிறந்த பிள்ளைதான். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, 1767-இல் நொதித்துக்கொண்டிருந்த தொட்டிக்கு மேலே தண்ணீரைப் பிடித்துப் பார்த்தார். அதிலிருந்து எழும் வாயு தண்ணீரில் கலந்து சுள்ளென்ற சுவை வந்தது. பின்னர் 1783-இல் ஜெனீவாவில் ஷ்வெப் என்பவர் அதைத் தொழிலாக்கினார். வாயுவை அடைத்து வைக்கும் வித்தைக்கு இன்னும் ஒரு நூறு ஆண்டு ஆயிற்று. 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கண்ணாடிக் கோலி வைத்த பாட்டிலுக்கு உரிமை பெற்றார். அதுதான் நம் கோலி சோடா பாட்டில்.

அதன் வேலை எளிது. பாட்டிலின் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். வாயுவோடு தண்ணீரை நிரப்பி பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பினால் கோலி வாய்ப்பக்கம் விழும். உள்ளே இருக்கும் வாயு அதை ரப்பரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். தகர மூடியும் வேண்டாம், கார்க்கும் வேண்டாம். மிஷின் ஒன்று, கேஸ் சிலிண்டர் ஒன்று, நல்ல தண்ணீர் இவ்வளவும் இருந்தால் போதும் என்பதால் தாலுகா ஊர்கள்தோறும் சோடாக் கம்பெனிகள் முளைத்தன. நம் கரிசல் சீமையில் இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். மற்ற ஊர்க்காரர்களுக்கு முதல் என்றால் பணம்; இங்கே சோடாக்காரருக்கு முதல் என்றால் உப்பில்லாத கிணறு.

கோலி பாட்டில் மறைந்ததற்கும் காரணங்கள் உண்டு. கோலி உருளும் இடுக்கைப் பிரஷ் விட்டுச் சரியாகக் கழுவ முடியாது. நிரப்பும்போது வெடித்துக் கையைக் கிழிக்கும். ஊரில் சண்டை என்றால் சோடாக்கடைப் பாட்டில்கள்தான் முதலில் பறக்கும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். கடைக்காரருக்கு நஷ்டம் வேறு, போலீஸ் விசாரணை வேறு.

சின்னத் தொழிலாகத் தொடங்கி உண்மையில் வளர்ந்து காட்டியது விருதுநகர் காளிமார்க். கோவில்பட்டியில் ரயில் ஏறினால் சாத்தூருக்கு அடுத்த பெரிய ஊர் விருதுநகர். பருத்தி, மிளகாய், எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர் போன அந்த ஊரில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் 1916-இல் சோடாக் கம்பெனியைத் தொடங்கினார். 1950-களின் கடைசியில் வந்த பொவண்டோ அந்தக் கம்பெனிக்கு அடையாளமாகிவிட்டது. திராட்சை வாசனையும் கோலா ருசியும் கலந்த அந்தக் கலரைத் தென் மாவட்டங்களில் இன்றும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். சென்னையில் டொரினோ, மதுரையில் மாப்பிள்ளை விநாயகர் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் இருந்தது. அந்தந்த ஊர்க் கல்யாணம், கொடை, தேரோட்டம் ஆகியவைதான் அவர்களுடைய சந்தை.

1977-இல் கோக்க கோலா கம்பெனி இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்த இடைவெளியில் வடக்கே தம்ஸ் அப், கேம்பா கோலா பெருகின. உள்ளூர் கம்பெனிகளுக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது. 1990-இல் பெப்சி வந்தது. 1993-இல் கோக் திரும்பி வந்து, வந்த சூட்டோடு தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் பெயர்களையெல்லாம் பார்லேயிடம் விலைக்கு வாங்கிவிட்டது. டெலிவிஷனில் வந்த விளம்பரத்தால் உள்ளூர் கலர் அடிபட்டது என்று பலர் சொல்வார்கள். கடையில் உட்கார்ந்தவர்களுக்கு வேறு காரணமும் தெரியும். அது பிரிட்ஜ்.

எங்கள் கடைக்கும் ஒரு பெரிய கம்பெனி ஏஜென்ட் வந்தார். பிரிட்ஜ் நாங்கள் தருகிறோம், கரண்ட் பில் மட்டும் நீங்கள் கட்டுங்கள் என்றார். கண்ணாடிக் கதவு போட்ட பிரிட்ஜை அதுவரை விலை கேட்கக்கூட எங்களுக்குத் துணிவு இருந்ததில்லை. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டோம். வேறு கம்பெனிச் சரக்கை உள்ளே வைக்கக்கூடாது என்ற நிபந்தனையை அப்போது பெரிதாக நினைக்கவில்லை. சித்திரை வெயிலில் ஜில்லென்று இருப்பதைத்தானே ஜனங்கள் கேட்பார்கள்? வெளியே கிரேட்டில் வெயில் பட்டுக் கிடந்த உள்ளூர் கலர் இரண்டு சீசனில் நின்றுபோனது. ருசி மாறவில்லை, விலையும் கூடவில்லை. வைக்க இடமில்லாமல் போனது, அவ்வளவுதான். பிறகு சொந்தமாகப் பழைய பிரிட்ஜ் ஒன்று வாங்கிப் போட்டபோதுதான் எங்கள் இஷ்டப்படி சரக்கு வைக்க முடிந்தது.

அடுத்த திருப்பம் 2017. ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்த சூட்டில் அந்நியக் குளிர்பானங்களுக்கு எதிர்ப்பு கிளம்பியது. தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்பும், வணிகர் சங்கங்களின் பேரவையும் மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று அறிவித்தன. நமக்கு இது தூரத்துச் செய்தியாக இருக்கவில்லை. கடம்பூருக்குத் தெற்கே அதே ரயில் பாதையில் இருக்கிற கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் தருவது பற்றி வழக்கு நடந்துகொண்டிருந்தது. 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச் 2 அன்று மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதாவது, கடைகளில் விற்பனை நிறுத்தம் தொடங்கிய மறுநாளே ஆலைக்குத் தண்ணீர்த் தடை நீங்கியது.

அந்தக் கோடையில் பொவண்டோ எங்கே, பன்னீர் சோடா எங்கே என்று கேட்டு வந்தார்கள். கொடுக்கத்தான் சரக்கு வரவில்லை. திடீரென்று தேவை பெருகினால் சிறிய கம்பெனியிடம் பாட்டில் இருக்காது, வண்டி இருக்காது, ஆளும் இருக்காது. எங்கள் பக்கத்தில் வாரம் ஒருமுறை வந்த வண்டி பத்து நாளுக்கு ஒருமுறை என்று ஆனது. காலியாகக் கிடக்கும் பிரிட்ஜுக்கும் கரண்ட் ஓடுகிறதே! பல கடைகளில் பழைய சரக்கே திரும்பவும் ஏறிவிட்டது. இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்வது சரியல்ல என்பது என் கருத்து.

இப்போது பழைய பெயர்களின் மதிப்பைப் பெரிய முதலாளிகளும் தெரிந்துகொண்டார்கள். கேம்பா பெயரை 2022-இல் ரிலையன்ஸ் வாங்கி, 2023-இல் 200 மில்லி பாட்டில் 10 ரூபாய் என்று இறக்கியது. சுதேசி இயக்கக் காலத்தில், 1923-இல் சூரத்தில் தொடங்கிய சோசியோ கம்பெனியிலும் அதே 2023-இல் பாதிப் பங்கை எடுத்துக்கொண்டது. கோலி சோடாவோ கப்பல் ஏறிவிட்டது. அமெரிக்கா, ஐரோப்பா, வளைகுடா நாடுகளில் அதற்கு வரவேற்பு இருப்பதாக 2025 மார்ச்சில் மத்திய வர்த்தக அமைச்சகமே அறிவித்தது.

பத்து ரூபாய்ப் பாட்டிலோடு உள்ளூர்க்காரர் ஏன் போட்டி போடத் திணறுகிறார் என்பதற்கு வரிக் கணக்கைப் பார்க்க வேண்டும். சர்க்கரையோ வாசனையோ சேர்த்த கலருக்கு 2017 ஜூலை முதல் 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் 12 சதவீத செஸ்ஸும் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய், நேராக 40 சதவீதம் ஆனது. கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பத்து ரூபாய் எம்.ஆர்.பி.யில் 40 சதவீத வரியைக் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 7 ரூபாய் 14 காசு. அதற்குள் பாட்டில், மூடி, லேபிள், சர்க்கரை, கேஸ், கூலி, டீசல், ஏஜென்ட் கழிவு, நம் கழிவு எல்லாம் அடங்க வேண்டும். கோடிக்கணக்கில் பாட்டில் போடுகிறவருக்கு அது கட்டும்; நாளைக்கு நூறு கிரேட் போடுகிறவருக்குக் கட்டாது. மற்ற சிறு உற்பத்தியாளர்களுக்கு இருக்கும் காம்போசிஷன் சலுகையும் 2019 அக்டோபர் முதல் கலர் தயாரிப்பவர்களுக்குக் கிடையாது. எதுவும் சேர்க்காத வெறும் சோடாவுக்கு மட்டும் வரி 18-லிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது. அதனால் இனிமேல் உள்ளூர்க் கம்பெனிகள் வெறும் சோடாவில் விலை அனுசரித்துத் தருவார்களா என்று கேட்டுப் பேசலாம். கலரில் விலை குறைப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். லேபிளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரித்த தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம், தயாரிப்பாளர் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். படம் அழகாக இருக்கிறது என்பதற்காக இவை இல்லாத சரக்கை எடுத்தால், அதிகாரி வந்து மாதிரி எடுக்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான். பேர்போன பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்ட கலர்களும் திருவிழாக் காலத்தில் வரும். வாடிக்கையாளர் உங்களிடம்தான் சண்டைக்கு வருவார். எம்.ஆர்.பி.க்கு மேல் கூலிங் சார்ஜ் என்று ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது, அது சட்டப்படி குற்றம்.

கோலி பாட்டிலும் கண்ணாடி பாட்டிலும் எடுப்பவர்கள் டெபாசிட் கணக்கைத் தனி நோட்டில் எழுதி, ஒவ்வொரு முறையும் லைன் ஆளிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டிலை வெளியே கொண்டுபோகும் வாடிக்கையாளரிடமும் டெபாசிட் வாங்கத் தயங்க வேண்டாம். உடைந்தது யார் கணக்கு என்பதை முதல் கிரேட் இறங்கும்போதே பேசிவிட வேண்டும். நம் பக்கம் மாசிக் கடைசியிலேயே வெயில் ஏறிவிடும். பங்குனியில் செண்பகவல்லி அம்மன் திருவிழா வரும்போது கேட்டால் எந்தக் கம்பெனியிலும் சரக்கு இருக்காது. எத்தனை கிரேட் வேண்டும், எந்தக் கிழமை வண்டி வரும் என்பதைத் தை மாதத்திலேயே பேசி, முடிந்தால் சிறிது முன்பணம் கொடுத்து வையுங்கள். நாலைந்து கடைகள் சேர்ந்து ஆர்டர் சொன்னால் கடம்பூர் போன்ற சிற்றூருக்கும் வண்டி திருப்ப அவர்கள் மறுப்பதில்லை.