மஹர்ப் பவுண் எடை குறைந்தது ஏன்?

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ராத்தா ஒருவர் சென்ற மாதம் ஒரு தங்கப் பவுணை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். நாற்பது வருடங்களுக்கு முன் அவருக்கு மஹராகக் கிடைத்த பவுண் அது. கணவர் மௌத்தாகி இரண்டு வருடமாகிறது. கூரையைத் திருத்துவதற்காக அதை விற்கப் போயிருக்கிறார். நகைக்கடைக்காரர் தராசில் போட்டுவிட்டு, "எட்டுக் கிராம் இருக்க வேணும். இது 7.86 தான். நல்ல பவுண் இவ்வளவு குறையாது, கலப்படம்" என்று சொல்லி அரைவிலைக்குக் கேட்டாராம்.

"விலை போனால் போகட்டும் தங்கச்சி. மௌத்தான மனுசன் தந்த மஹர் பொய்யா எண்டுதான் எனக்குக் கவலை" என்றார் ராத்தா. அன்றிரவு அவர் தூங்கவில்லையாம்.

முதலாவது பிழை அந்த எட்டுக் கிராமிலேயே இருக்கிறது. நகைக் கணக்கில் நாம் ஒரு பவுண் என்பது 8 கிராம். ஆனால் இங்கிலாந்தின் பவுண் நாணயம் அச்சுக்கூடத்தை விட்டு வெளிவரும்போதே 7.99 கிராம்தான். அது 22 கரட். அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். எனவே ராத்தாவின் பவுணில் உண்மையான குறைவு 0.13 கிராம்.

இது அதிகமா? தங்கப் பவுண் அன்றாடம் கைமாறிய காலத்தில் இங்கிலாந்துக்காரர்களே இதனால் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 7.94 கிராமுக்குக் கீழே போன பவுண் சட்டப்படி செல்லாது. அதாவது 0.05 கிராம் தேயலாம், அதற்கு மேல் கூடாது. ஜெவொன்ஸ் என்ற பொருளியல் அறிஞர் 1868இல் ஆராய்ந்தபோது, புழக்கத்தில் இருந்த பவுண்களில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் இந்த எல்லைக்குக் கீழே இறங்கியிருக்கக் கண்டார். அவை போலிகள் அல்ல, கைபட்டுத் தேய்ந்தவை. சுமார் 18 வருடப் புழக்கத்தில் ஒரு பவுண் அந்த 0.05 கிராமை இழந்துவிடும் என்பது அவர் கணக்கு. அந்த வேகத்தில் 0.13 கிராம் தேய ஏறக்குறைய 46 வருடம் ஆகும்.

ராத்தாவின் பவுண் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை பொறித்த 1911ஆம் ஆண்டுப் பவுண். அவருக்கு முன் அது அவருடைய மாமியின் கழுத்தில் கிடந்தது. ஓட்டை போடாமல் கூடு வைத்து மாலையில் கோத்திருந்தார்கள். இரண்டு தலைமுறை வியர்வை, சவர்க்காரம், சட்டைத் துணியின் உராய்வு, போதாததற்குத் தட்டார் பளபளப்பாக்கப் போடும் அமிலம். குறையாமல் என்ன செய்யும்?

எடையை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள், நாணயத்தின் முகத்தையும் பாருங்கள். அசல் தேய்மானம் மேடான இடங்களைத்தான் முதலில் பிடிக்கும்: மன்னரின் தலைமயிர், தாடி, மறுபக்கத்தில் குதிரையின் நெஞ்சு, வீரனின் தொடை. ராத்தாவின் பவுணில் இவையெல்லாம் மழுங்கியிருந்தன. கூட்டுக்குள் இருந்த விளிம்பின் வரிகளோ கூர்மையாகவே இருந்தன. இப்படிப் பொருந்தி வந்தால் பயமில்லை. முகம் புத்தம் புதிதாக இருந்து எடை மட்டும் 7.6 என்றால் சந்தேகிக்க வேண்டும். விளிம்பு ஒரு பக்கம் மழமழவென்றிருந்தால் யாரோ அரம் போட்டிருக்கிறார்கள். வளையம் ஒட்டியிருந்த பவுணில் பற்றாசு மிஞ்சியிருந்தால் எடை கூடவும் செய்யும்!

இன்னொரு சோதனையை வீட்டிலேயே செய்தோம். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய இலத்திரனியல் தராசு வேண்டும். சமையலறைத் தராசு சரிவராது. தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, பவுணை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டோம். தராசு 0.45 காட்டியது. 7.86ஐ அதனால் வகுத்தால் ஏறக்குறைய 17.5. இது 22 கரட் தங்கத்தின் அடர்த்தி. தேய்ந்தால் எடை குறையும், அடர்த்தி குறையாது. முலாம் பூசிய பித்தளையாக இருந்தால் தராசு 0.9க்கு மேல் காட்டியிருக்கும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்தச் சோதனை தங்கத்தைத்தான் காட்டும், அரச அச்சுக்கூடத்தில் பிறந்ததா என்பதைக் காட்டாது. 1950களில் பெய்ரூத் பக்கம் நல்ல தங்கத்திலேயே போலிப் பவுண் அடித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் தங்கமாக விற்பவருக்கு அதனால் பெரிய நட்டமில்லை.

பெட்டியில் பழைய இந்திய வெள்ளி ரூபாய் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதன் முழு எடை 11.66 கிராம். நூற்றுக்கு இரண்டு தேயும்வரை, அதாவது 11.43 கிராம் வரை, 1906ஆம் ஆண்டுச் சட்டமே அதைச் செல்லும் காசாக ஏற்றது.

ராத்தா மகனோடு வேறொரு கடைக்குப் போனார். அங்கே உரைகல்லில் உரைத்துப் பார்த்து 22 கரட் என்றார்கள், 7.86 கிராமுக்கும் முழு விலை தருவதாகச் சொன்னார்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பவுணை விற்றார். கூட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார்.