திருத்தணியும் எல்லைக்கோடும்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குப் பேருந்தில் செல்வோர், அத்திப்பள்ளியைக் கடந்ததும் கடைப்பலகைகளின் எழுத்து மாறுவதைக் காண்பர். மண் மாறுவதில்லை, ஓசூர்ச் சந்தையில் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் ஒலிக்கும். மக்கள் இவ்வாறு கலந்து வாழும் இடத்தில் மாநில எல்லையை எவ்வாறு வரைவது?

1953ஆம் ஆண்டுக்கு முன், தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளிகள் எனப் பல மொழியினர் சென்னை மாகாணத்தில் ஒரே ஆட்சியின்கீழ் வாழ்ந்தனர். தெலுங்கு மக்களுக்குத் தனி மாநிலம் வேண்டி உண்ணாநோன்பிருந்த பொட்டி சிறீராமுலு, 1952 டிசம்பர் 15இல் உயிர்நீத்தார். 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சேர்ந்தது. ஆனால், அம்மாவட்டத்தின் தென்பகுதியாகிய திருத்தணியில் தமிழரே மிகுதியாக வாழ்ந்தனர். ம.பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினர். பலர் சிறை சென்றனர், உயிரிழந்தவர்களும் உண்டு.

இரு தரப்பினரும் தத்தம் பக்கமே நீதி உள்ளது என உறுதியாக நம்பினர். ஆகவே, யாருடைய குரல் உரத்தது என்பதைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. இரு மாநில அரசுகளும் எச்.வி. படாஸ்கர் என்பவரை நடுவராக ஏற்றன. அவர் முழு மாவட்டத்தையோ வட்டத்தையோ அளவாகக் கொள்ளவில்லை. ஒவ்வொரு சிற்றூரையும் தனித்தனியே நோக்கினார். அவ்வூரில் பெரும்பான்மையோர் பேசும் மொழி யாது? அவ்வூர் அம்மொழி வழங்கும் நிலப்பரப்பை ஒட்டியுள்ளதா? இவ்வினாக்களே எல்லையை முடிவு செய்தன.

1959இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடு பகுதி ஆந்திரத்திற்குச் சென்றது. தமிழர் பலர் விரும்பிய திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. திருத்தணியைப் பெற்றதை மட்டும் கூறிச் சத்தியவேட்டைக் கூறாது விடுதல் நேர்மையான வரலாறு ஆகாது.

எல்லா வழக்குகளும் இவ்வாறு முடிந்துவிடவில்லை. கருநாடகத்தின் பெலகாவியை மகாராட்டிரம் இன்றும் கோரி வருகிறது. 1966இல் அமைக்கப்பட்ட மகாஜன் ஆணையத்தின் அறிக்கையைக் கருநாடகம் ஏற்றது. சிற்றூரையே அளவாகக் கொள்ள வேண்டும் என்ற மகாராட்டிரம் அதனை மறுத்தது. அளக்கும் கோல் எது என்பதிலேயே உடன்பாடு இல்லாதபோது, அளந்து கூறிய முடிவு எவ்வாறு நிலைபெறும்? 2004இல் அவ்வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

எவ்வளவு செம்மையாக வரைந்தாலும், எல்லைக்கோட்டின் இருபுறத்தும் பிறமொழியினர் சிலர் எஞ்சுவர். திருத்தணியில் தெலுங்கரும், சத்தியவேட்டில் தமிழரும் இன்றும் வாழ்கின்றனர். எல்லைக்கு அப்பாலிருந்து பிழைப்பு நாடி வந்த பெங்களூர்த் தமிழரும் இங்கு மொழிச் சிறுபான்மையினரே. மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956ஆம் ஆண்டிலேயே, அரசியலமைப்பில் 350அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்குரிய வசதிகளை அளிக்க ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்று அது கூறுகிறது. பெங்களூரில் தமிழ் கற்கும் குழந்தைக்கும், ஓசூரில் கன்னடம் கற்கும் குழந்தைக்கும் அப்பிரிவு பொதுவானது.

பயிற்சி: உம் குடும்பத்தின் சொந்த ஊர் 1953இல் எந்த மாவட்டத்தில் இருந்தது? அவ்வூரில் தமிழைத் தவிர வேறு எம்மொழிகள் பேசப்படுகின்றன? வீட்டுப் பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.