எத்தனை மீட்டரில் 'ஜீரோ'? — .22 துப்பாக்கியும் தராசு முள்ளும்

சமணக் கல்வெட்டு, பள்ளிச்சந்தம் என்று எழுதி வரும் நயினார் இந்த ஆண்டு துப்பாக்கியைப் பற்றி எழுத வந்திருப்பது சங்கத்து அன்பர்களுக்கு வியப்பாக இருக்கும். காரணம் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இப்போது சுடுதளத்துக்குப் பயிற்சிக்குப் போகிறார்கள். சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கியதும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆசை பிறந்துவிட்டது. அவரே 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், 50 மீட்டர் படுத்துச் சுடும் பிரிவில் வெள்ளி வென்றார். அது .22 துப்பாக்கிக்கு உரிய போட்டி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் பெற்ற 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியும் அதே .22தான்.

ஜீடிமெட்லாவில் லேத் பட்டறைகளுக்கு வெர்னியர், டயல் கேஜ் விற்கிறவன் நான். அளவுக் கருவி என்றால் என்னிடம் கேட்பது வழக்கம். என் பேரன் கேட்டதும் அப்படி ஒரு கேள்விதான்: "தாத்தா, எத்தனை மீட்டர்ல ஜீரோ பண்றது?" அதற்கான விளக்கமே இக்கட்டுரை.

ரிம்ஃபயர் என்பது

இந்தத் தோட்டாவில் தீப்பிடிக்கும் மருந்து அடிப்பகுதியின் விளிம்புக்குள் இருக்கிறது. ஊசி விளிம்பில் தட்டியதும் வெடிக்கும். அதனால்தான் ரிம்ஃபயர் என்று பெயர். இன்று உலகமெங்கும் புழங்கும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டு வந்தது. குண்டின் எடை சுமார் 2.6 கிராம். போட்டித் தோட்டா விநாடிக்கு ஏறத்தாழ 325 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவு. இதைவிட வேகமான ரகமும் கடையில் உண்டு. ஆனால் அது ஒலியைவிட வேகமாகக் கிளம்பி, வழியில் அந்த வேகத்துக்குக் கீழே இறங்கும்போது கொஞ்சம் தடுமாறும். போட்டிக்காரர்கள் நிதானமான ரகத்தையே நம்புவதற்கு இது ஒரு காரணம்.

ஒரு நேர்கோடு, ஒரு வளைகோடு

நம் பார்வை நேர்கோட்டில் போகிறது. குண்டு வளைகோட்டில் போகிறது. குழலை விட்டு வெளிவந்த நொடியே பூமி அதை இழுக்கத் தொடங்கிவிடும். போதாததற்கு, குறி பார்க்கும் சைட் குழலுக்குச் சுமார் 4 செ.மீ. மேலே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே குழலை ஒரு மயிரிழை மேல்நோக்கிச் சாய்த்து, இரண்டு கோடுகளையும் ஓர் இடத்தில் சந்திக்க வைக்கிறோம். அந்தச் சந்திப்பைத்தான் ஜீரோ என்கிறார்கள். சரக்கு வைக்குமுன் தராசு முள்ளை நடுவில் நிறுத்துகிறோமே, அது மாதிரி.

50 மீட்டரில் ஜீரோ வைத்த துப்பாக்கியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 மீட்டரில் குண்டு பார்வைக் கோட்டுக்குச் சுமார் ஒன்றேகால் செ.மீ. கீழே போகும். 16 மீட்டர் வாக்கில் கோட்டைத் தொட்டு மேலே ஏறும். நடுவழியில் ஏறத்தாழ ஒன்றரை செ.மீ.க்கு மேல் உயராது. 50இல் மறுபடி கோட்டைத் தொடும். பிறகு சரிவுதான். 75 மீட்டரில் 8 செ.மீ., 100 மீட்டரில் 23 செ.மீ. கீழே. தோட்டாவுக்குத் தோட்டா இந்த எண்கள் சற்று மாறும், போக்கு மாறாது.

எந்தத் தூரம் சரி?

வெளிநாட்டு வேட்டைக்காரருக்கு இது சிக்கலான கேள்வி. முயல் எத்தனை மீட்டரில் நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. எல்லாத் தூரத்துக்கும் ஏறக்குறைய ஒத்துவரும் ஒரு சமரசத்தை அவர் தேட வேண்டும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை விளையாட்டுக்கு இந்நாட்டில் இடமில்லை. நம் குறி காகிதம். அது எங்கே நிற்கிறது என்பது விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. எனவே விடை எளிது: சுடப்போகும் தூரத்திலேயே ஜீரோ வையுங்கள். என்.சி.சி. பிள்ளைகள் .22ஐ 25 கெஜத்தில் சுடுகிறார்கள், அவர்களுக்கு அதுவே சரி. போட்டிக்குப் போகிறவருக்கு 50 மீட்டர்.

"100இல் வைத்தால் இன்னும் நல்லதாச்சே" என்று சிலர் சொல்வார்கள். அப்படி வைத்துவிட்டு 50இல் சுட்டால் குண்டு 11 செ.மீ.க்கு மேல் உயர்ந்து, மதிப்பெண் வட்டங்கள் அத்தனையையும் தாண்டி வெறும் காகிதத்தில் விழும். 25 மீட்டரில் வைத்துவிட்டு 50இல் சுட்டால் 2 செ.மீ. தாழ்ந்து எட்டாம் வட்டத்தில் விழும். பத்தாம் வட்டத்தின் குறுக்களவு 10.4 மி.மீ. — ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அங்கே 'ஏறக்குறைய' என்ற பேச்சுக்கே வேலை இல்லை.

வைக்கும் முறை

அங்கீகாரம் பெற்ற தளத்தில், பயிற்சியாளர் அருகில் இருக்க மட்டுமே இது நடக்க வேண்டும். .22க்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பொருந்தும். மணல் மூட்டையில் துப்பாக்கியைத் தாங்கி, முதலில் 25 மீட்டரில் காகிதத்தில் படுகிறதா என்று பாருங்கள். பிறகு 50க்குப் போங்கள். ஐந்து குண்டு சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுப்புள்ளியைக் கணக்கில் எடுங்கள். ஒற்றைக் குண்டை நம்பித் திருகக் கூடாது. ஒரு நாள் விற்பனையை வைத்து வருஷக் கணக்கு எழுதுவோமா? கால் நிமிடக் கிளிக் உள்ள தொலைநோக்கி சைட்டானால் 50 மீட்டரில் ஒரு கிளிக் சுமார் 3.6 மி.மீ. நகர்த்தும். கூட்டம் 18 மி.மீ. கீழே இருந்தால் ஐந்து கிளிக் மேலே.

காற்றுக்கு ஜீரோவில் மருந்து இல்லை. மணிக்கு 10 கி.மீ. குறுக்குக் காற்றே 50 மீட்டரில் ஒரு செ.மீ.க்கு மேல் தள்ளி, பத்தை ஒன்பதாக்கிவிடும். மே மாத வெயிலில் வைத்த ஜீரோ டிசம்பர் காலைக் குளிரில் நகரும். தோட்டா ரகம் மாறினாலும் அப்படியே. ஆகையால் தேதி, தூரம், தோட்டா, வெயில், காற்று எல்லாவற்றையும் பேரேடு மாதிரி ஒரு நோட்டில் எழுதி வைப்பது நல்லது.

ஒரு சமணனின் கேள்வி

பேரன் பயிற்சியில் சேர்ந்தபோது எங்கள் வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட குடும்பத்தில் துப்பாக்கியா? யசோதர காவியத்தில் அரசன் பலியிட்டது உயிருள்ள கோழியை அல்ல, மாவால் செய்த கோழியை. ஆனாலும் கொல்லும் எண்ணம் உள்ளே இருந்ததால் அவனும் தாயும் பிறவிதோறும் அல்லல்பட்டார்கள். வினை எண்ணத்தில்தான் தொடங்குகிறது. இதைச் சொல்லித்தான் என் மனைவி மறுத்தாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. நான் போட்டித் தாளைக் காட்டினேன். அதில் மான் இல்லை, மனிதன் இல்லை, வெறும் வட்டங்கள். அங்கே பிள்ளை கற்பது மூச்சை அடக்கவும், மனத்தை ஓர் இடத்தில் நிறுத்தவும்தான். உருவம் வரைந்த தாளில் சுடுவதில்லை என்ற நிபந்தனையோடு அவள் சம்மதித்தாள்.

பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் தூரத்தை மட்டும் கேட்டால் போதாது, எதை நோக்கிச் சுடச் சொல்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான விடை கிடைத்த பிறகு திருகைத் தொடலாம்.